காலிக் குளமா, மீன் உள்ள தொட்டியா? தண்ணீரில் கிருமி கொல்ல எதை எடுப்பது

மீன் வளர்க்கும் தண்ணீருக்கு எந்தக் கிருமிநாசினி நல்லது என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். பிளீச்சிங் பவுடர், பெர்மாங்கனேட், ஃபார்மலின், ஓசோன், யூவி விளக்கு, இப்போது புதிதாக வெள்ளி நானோ. எல்லோர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கும், ஏனென்றால் அவரவர் தண்ணீரில் அது வேலை செய்திருக்கும். ஆனால் காலிக் குளத்தில் கொட்டுகிற பொருளையும், மீன் நீந்திக்கொண்டிருக்கிற தொட்டியில் கரைக்கிற பொருளையும் ஒரே வரிசையில் வைத்து இதற்கு முதலிடம், அதற்கு இரண்டாமிடம் என்று சொல்வது வீண் வேலை. பொருளின் பெயருக்குப் போகும் முன் மூன்று விஷயம் தெரிந்தாக வேண்டும்: இப்போது தண்ணீரில் மீன் இருக்கிறதா, தண்ணீரில் எவ்வளவு கழிவும் பாசியும் இருக்கிறது, அதே தண்ணீர் பயோஃபில்டர் (அம்மோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியா குடியிருக்கும் வடிகட்டி) வழியாகச் சுற்றி வருகிறதா. இந்த மூன்றுக்கும் பதில் சொல்லிவிட்டால் பட்டியலில் பாதிப் பெயர்கள் தானாகவே அடிபட்டுப் போகும்.

மீன் இருக்கிறதா என்பதற்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்றால், இந்தப் பொருள்களில் பெரும்பாலானவை ஆக்சிஜனேற்றிகள். பாக்டீரியாவின் மேலுறையைத் தாக்கித்தான் அதைக் கொல்கின்றன. மீனின் செவுளும் அதே மாதிரி மெல்லிய, மூடியில்லாத உயிர்த்திசு, தண்ணீருக்கு நேராக விரித்து வைத்தது. எது பாக்டீரியா, எது செவுள் என்று குளோரினுக்குத் தெரியாது. ஆகவே மீன் உள்ளே இருக்கும்போது நாம் தேடுவது அதிகமாகக் கொல்கிற பொருளை இல்லை, கிருமிக்குப் போதுமான அளவுக்கும் செவுள் கருகுகிற அளவுக்கும் நடுவில் நல்ல இடைவெளி உள்ள பொருளைத்தான். சிலவற்றில் அந்த இடைவெளி கிட்டத்தட்ட இல்லவே இல்லை.

சரி, காலித் தண்ணீரிலிருந்து ஆரம்பிக்கலாம், அதுதான் சுலபம்.

மீன் விடுவதற்கு முன், தண்ணீரைச் சுத்தம் செய்ய வேண்டுமென்றால் என் தேர்வு குளோரின்தான், இதில் பெரிய விவாதம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பாக்டீரியா, வைரஸ், பூஞ்சை, தண்ணீரோடு வந்த பூச்சி புழு எல்லாவற்றின் மேலும் வேலை செய்யும், வேலை முடிந்ததும் நீக்கிவிடலாம், மிச்சம் இருக்கிறதா என்று சாதாரண டெஸ்ட் கிட் வைத்தே பார்த்துவிடலாம். கடைசியாகச் சொன்னது சின்ன விஷயம் இல்லை. போட்டது இன்னும் இருக்கிறதா போய்விட்டதா என்று வளர்ப்பவரே பார்த்துத் தெரிந்துகொள்ள முடிகிற பொருள்கள் இந்தப் பட்டியலில் குறைவு.

குளோரினில் பலரும் ஏமாறுகிற இடங்கள் மூன்று. முதலாவது, பையில் இருக்கிற பவுடர் முழுக்கக் குளோரின் இல்லை. சாதாரண பிளீச்சிங் பவுடரில் புதிதாக இருக்கும்போது சுமார் 30 முதல் 35 சதவீதம், உயர்தரக் கால்சியம் ஹைப்போகுளோரைட்டில் 65 முதல் 70 சதவீதம். ஈரம் பட்டுத் திறந்து கிடந்தால் இதுவும் மளமளவென்று இறங்கும். ஒரு மீட்டர் இருபது சென்டிமீட்டர் ஆழத்தில் 1,000 சதுர மீட்டர் குளம் என்றால் 1,200 கன மீட்டர் தண்ணீர். அதற்கு லிட்டருக்கு 20 மில்லிகிராம் குளோரின் வேண்டுமென்றால் 24 கிலோ குளோரின். முப்பது சதவீதப் பவுடரில் அது 80 கிலோ, அறுபத்தைந்து சதவீதத்தில் 37 கிலோ. பக்கத்துக் குளத்துக்காரர் எத்தனை மூட்டை போட்டார் என்று கேட்டுப் போடுவதில் எவ்வளவு பிழை வரும் என்பதை இந்த இரண்டு எண்களே சொல்லிவிடும்.

இரண்டாவது பி.எச். குளோரின் தண்ணீரில் கரைந்ததும் பாதி ஹைப்போகுளோரஸ் அமிலமாகவும் பாதி ஹைப்போகுளோரைட்டாகவும் பிரிவது பி.எச். 7.5 அளவில். கொல்லும் வேலையைச் செய்வது பெரும்பாலும் அந்த அமிலம்தான், மற்றது அதைவிடப் பல மடங்கு மந்தம். பி.எச். 8.5 ஆகும்போது அமிலம் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். பாசி பிடித்த குளத்தில் மத்தியான வெயிலில் பி.எச். சாதாரணமாகவே 9-ஐத் தொடும், அந்த நேரம் பார்த்துக் குளோரின் போடுகிறவர் பாதிக்கு மேல் வீணாக்குகிறார். பி.எச். தாழ்ந்திருக்கும் விடியற்காலையிலோ, வெயில் குளோரினைச் சிதைக்காத சாயங்காலத்துக்குப் பிறகோ போடுவது மேல். இன்னொன்று, சுண்ணாம்பு போட்ட கையோடு குளோரின் போடக்கூடாது, சுண்ணாம்பு பி.எச்.ஐ ஏற்றிவிடும். இரண்டும் வேண்டுமென்றால் குளோரின் முதலில், அது தீர்ந்த பிறகு சுண்ணாம்பு.

மூன்றாவது, அம்மோனியா. குளோரின் அம்மோனியாவோடு சேர்ந்தால் குளோரமைன் ஆகும். அது கொல்லும் திறனில் குளோரினைவிட மந்தம், தங்குவதில் அதைவிடப் பிடிவாதம், செவுளுக்கும் விஷம். வெயிலில் ரெண்டு நாள் விட்டால் போய்விடும் என்று நம்பி மீன் விட்டவர்கள் நஷ்டப்படுவது பல நேரம் இதனால்தான். குளோரின் எஞ்சியிருப்பது லிட்டருக்கு 0.02 மில்லிகிராம் என்ற அளவிலேயே நீண்ட நேரம் பட்டால் மீனுக்குக் கெடுதல், டெஸ்ட் கிட்டில் நிறம் தெரிகிறதா இல்லையா என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்கிற எல்லைக்கும் கீழே இது. ஆகவே சோடியம் தயோசல்ஃபேட் போட்டு நீக்குவதைத் தவிர்க்காதீர்கள். ஒரு பங்கு குளோரினுக்கு ஏழு பங்கு தயோசல்ஃபேட் என்பது வழக்கமான கணக்கு. குளோரமைன் பிளந்து குளோரின் போனாலும் அதில் கட்டுண்டிருந்த அம்மோனியா வெளியே வரும், அதையும் ஒரு தடவை அளந்துவிடுங்கள்.

தண்ணீர் வடித்து, ஈரம் இன்னும் காயாத தரைக்குச் சுட்ட சுண்ணாம்பு போதும். ஈர மண்ணில் பட்டுப் பி.எச். 11-க்கு மேல் ஏறுவதில்தான் அது கிருமி கொல்கிறது, அதனால் தண்ணீர் நிறைந்த குளத்தில் கொஞ்சமாகத் தூவுகிற சுண்ணாம்பு காரத்தன்மையைச் சரிசெய்யுமே தவிர கிருமி கொல்லாது. இதை ரெண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்பவர்கள் ஏராளம்.

இப்போது கொஞ்சம் அசௌகரியமான விஷயத்துக்கு வருவோம். தண்ணீரை முழுக்கச் சுத்தமாக்கிய பிறகு அதில் முதலில் யார் குடியேறுகிறார்கள்? எல்லாக் கிருமியும் செத்தாலும் அவற்றின் உடலும், கரைந்த கரிமப் பொருளும் தண்ணீரிலேயே இருக்கின்றன. போட்டி இல்லை, சாப்பாடு நிறைய. இந்த மாதிரி இடத்தில் வேகமாகப் பெருகுகிற பாக்டீரியாதான் முதலில் மேலே வரும். கடல் நீரிலும் உவர் நீரிலும் அந்த வேகக்காரர்களில் நோய் தரக்கூடிய விப்ரியோ வகைகள் முன்வரிசை. நார்வேயின் டிரான்ட்ஹைம் நகரில் கடல்மீன் குஞ்சு வளர்ப்பை ஆராய்ந்தவர்கள் 1990களிலிருந்தே இதைச் சொல்லி வருகிறார்கள்: கிருமி நீக்கிய நீரை நேரடியாகக் குஞ்சுகளுக்குக் கொடுக்காமல், ஒரு பயோஃபில்டர் வழியாக ஓடவிட்டு மெதுவாக வளரும் பாக்டீரியா அதில் நிலைபெற்ற பிறகு கொடுத்தால் குஞ்சுகள் நன்றாகத் தேறுகின்றன. முதிர்ந்த நீர் என்று அதற்குப் பெயர். இறால் வளர்ப்பில் கூட்டங்கூட்டமாகக் குஞ்சு இறந்த ஈ.எம்.எஸ். (இளம்பருவ இறப்பு) நோய்க்கு ஒருவகை விப்ரியோ பாராஹீமோலைட்டிகஸ்தான் காரணம் என்று 2013-ல் அரிசோனா பல்கலைக்கழகத்தில் டொனால்ட் லைட்னர் குழு கண்டுபிடித்தபோதும், குளத்தை முழுக்க மலடாக்கிவிட்டுக் குஞ்சு விடுகிற பழக்கத்தின் மேல் பலருக்குச் சந்தேகம் வந்தது.

இதற்காகக் குளோரினே போடக்கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. போட்டுவிட்டு, நீக்கிவிட்டு, மறுநாளே குஞ்சு விடாதீர்கள் என்கிறேன். சில நாள் காற்றடித்து, பாசியோ நல்ல பாக்டீரியாவோ இடம் பிடித்த பிறகு விடுங்கள். ஒரு கிருமிநாசினியைத் தேர்ந்தெடுக்கும்போது எத்தனை சதவீதம் கொல்லும் என்று லேபிளில் பார்ப்பதோடு, கொன்ற பிறகு அந்த இடம் எத்தனை நாள் காலியாகக் கிடக்கப் போகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

அடுத்தது மீன் உள்ளே இருக்கும் தண்ணீர். இங்கேதான் தேர்வு கடினம், சண்டையும் அதிகம்.

பொட்டாசியம் பெர்மாங்கனேட் பழைய கை. செவுளிலும் தோலிலும் வெளிப்புறமாக ஒட்டியிருக்கும் பாக்டீரியா, காலம்னாரிஸ் மாதிரியானவை, சில ஒட்டுண்ணிகள், இவற்றுக்குக் குளத்தில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் என்று எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். அந்த 2 என்பது தெளிந்த தண்ணீருக்கான எண். கழிவு நிறைந்த குளத்தில் பெர்மாங்கனேட்டை முதலில் சாப்பிடுவது சேறும் பாசியும்தான், கிருமிக்கு மிஞ்சினால் உண்டு. ரோஸ் நிறம் கொஞ்ச நேரத்திலேயே பழுப்பாகிவிட்டால் மருந்து தீர்ந்துவிட்டது என்று அர்த்தம், மீனுக்கு வைத்தியம் நடக்கவில்லை. இதற்குச் சுலபமான சோதனை இருக்கிறது. ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஒரு கிராம் பெர்மாங்கனேட் கரைத்துக்கொள்ளுங்கள், அதில் ஒரு மில்லியை ஒரு லிட்டர் குளத்து நீரில் விட்டால் லிட்டருக்கு 1 மில்லிகிராம். வரிசையாக நாலைந்து பாட்டிலில் குளத்து நீர் எடுத்து 1, 2, 3, 4 என்று ஏற்றிக்கொண்டே போய், பதினைந்து நிமிடம் கழித்து எந்தப் பாட்டிலில் ரோஸ் நிறம் நிற்கிறது என்று பாருங்கள். நிறம் நிற்கிற அந்த முதல் அளவை இரண்டரையால் பெருக்கினால் குளத்துக்கான அளவு கிடைக்கும். பெருக்கி வந்த எண் ரொம்பப் பெரிதாக இருந்தால் அந்தக் குளத்துக்கு மருந்து தேவையில்லை, தண்ணீர் மாற்றம்தான் தேவை. தீனியைக் குறைத்துச் சேற்றைக் கவனிக்காமல் பெர்மாங்கனேட்டைக் கொட்டுவதில் பயன் இல்லை.

அதன் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். பி.எச். உயர்ந்த தண்ணீரில் மாங்கனீஸ் டைஆக்சைடு வீழ்படிவாகிச் செவுளில் படியும். வாரத்துக்கு ஒரு முறைக்கு மேல் போட்டால் செவுள் கருகும் அபாயம். பாசியும் சாவதால் அடுத்த நாள் விடியலில் ஆக்சிஜன் இறங்கும், ஏரேட்டர் இல்லாத குளத்தில் இதை நான் ஒப்பமாட்டேன். அளவு தவறிப் போட்டுவிட்டால் தயோசல்ஃபேட்டாலேயே நீக்கலாம், அதனால் ஒரு பை கையிருப்பில் இருப்பது நல்லது.

தொட்டியிலும் ஓடும் நீர்க் கால்வாயிலும் என் முதல் தேர்வு ஹைட்ரஜன் பெராக்சைடு. காரணம் எளிது, வேலை முடிந்ததும் தண்ணீரும் ஆக்சிஜனுமாகப் பிரிந்துவிடும், மீனில் எச்சம் தங்கும் என்ற பயம் இல்லை. அமெரிக்காவில் உணவு மீனுக்கான மருந்தாக 2007-ல் அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. இதன் 35 சதவீதக் கரைசலுக்கு அனுமதி கொடுத்தது. நன்னீர் சால்மன் இனங்களில் செவுள் நோய்ப் பாக்டீரியாவுக்கு லிட்டருக்கு 100 மில்லிகிராம் அரை மணி நேரம், அல்லது 50 முதல் 100 வரை ஒரு மணி நேரம். முட்டையில் பூஞ்சைக்கு 500 முதல் 1,000 வரை பதினைந்து நிமிடம். ஆயிரம் லிட்டர் தொட்டியில் 100 மில்லிகிராம் அளவு வேண்டுமென்றால் 35 சதவீதக் கரைசலில் சுமார் 250 மில்லி. அளவு பார்த்து ஊற்ற வசதியான திரவம், ஆனால் கையில் பட்டால் தோலை வெள்ளையாக்கிவிடும், கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடாதீர்கள்.

பெராக்சைடின் பலவீனம் வெப்பம். தண்ணீர் சூடாக இருக்க இருக்க மீனுக்கு விஷத்தன்மை கூடும், குளிர்நீர் மீனுக்கு எழுதிய அளவை வெப்பநீர் மீனுக்கு அப்படியே எடுப்பது ஆபத்து. மீன் இனத்துக்கு இனம் தாங்கும் அளவும் நிறைய மாறும். பெரிய குளத்துக்கு ஆகாது என்பது இன்னொன்று; பாசியும் பாக்டீரியாவும் அதைச் சீக்கிரமே சிதைத்துவிடும், கிருமி கொல்லும் அளவை நிலைநிறுத்த வேண்டுமானால் குடம் குடமாக ஊற்ற வேண்டும். ஆனால் நீலப்பச்சைப் பாசி பிரச்சினை என்றால் கதை வேறு, லிட்டருக்குச் சில மில்லிகிராமிலேயே அது பச்சைப் பாசியைவிட முந்தி அடிபடும். இது எனக்குப் பிடித்த பக்கப்பலன்.

பெராசெட்டிக் அமிலம் பெராக்சைடின் வீரியமான உறவுக்காரன். பாட்டிலுக்குள்ளேயே பெராக்சைடும் அசெட்டிக் அமிலமும் கலந்துதான் வரும். லிட்டருக்கு 1, 2 மில்லிகிராம் அளவிலேயே வேலை செய்யும், சில மணி நேரத்தில் சிதைந்துவிடும், சுழல்நீர்ப் பண்ணைகளில் பயோஃபில்டரை முழுக்கக் கொல்லாமல் கிருமி எண்ணிக்கையைத் தாழ்த்தி வைக்க இதைத்தான் இப்போது பலரும் முயல்கிறார்கள். கடினத்தன்மையும் காரத்தன்மையும் குறைந்த மென்னீரில் மட்டும் ஜாக்கிரதை, அங்கே மீனுக்கு விஷம் கூடும். வாடை மூக்கைத் துளைக்கும், காற்றோட்டம் இல்லாத அறையில் திறக்கவே கூடாது.

குளோரமைன்-டி என்பதைக் குளோரமைன் என்று நினைத்துப் பயப்பட வேண்டாம், வேறு பொருள், மெதுவாக ஆக்சிஜனேற்றம் செய்வது. லிட்டருக்கு 12 முதல் 20 மில்லிகிராம், ஒரு மணி நேரக் குளியல், தொடர்ந்தோ ஒருநாள் விட்டு ஒருநாளோ மூன்று முறை. 2014-ல் இதற்கும் எஃப்.டி.ஏ. அனுமதி வந்தது. பாக்டீரியா செவுள் நோய்க்கு நல்ல மருந்து, ஆனால் குளியல் கொடுக்கக்கூடிய தொட்டி வேண்டும், குளத்தில் போடுகிற சரக்கு இல்லை.

ஃபார்மலின் பற்றி என் கருத்து சாதகமாக இல்லை. ஒட்டுண்ணிக்கும் முட்டைப் பூஞ்சைக்கும் நன்றாகவே வேலை செய்யும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் குளத்தில் போடும் அளவில் பாக்டீரியா மேல் அவ்வளவாக ஒன்றும் செய்யாது, லிட்டருக்கு 5 மில்லிகிராம் ஃபார்மலின் போட்டால் 1 மில்லிகிராம் கரைந்த ஆக்சிஜனை விழுங்கும். 25 போட்டால் 5 போச்சு; நோயில் மூச்சுத் திணறிக்கொண்டிருக்கிற மீனுக்கு அது எந்த வகை வைத்தியம்? போடுகிற மனிதனுக்கும் நல்லதில்லை, ஃபார்மால்டிஹைடை உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு முதல் வகுப்புப் புற்றுநோய்க் காரணியாக வைத்திருக்கிறது. குளிரில் வைத்து வெள்ளையாகப் படிவு இறங்கிய ஃபார்மலின் பாட்டிலை மட்டும் எந்தக் காரணத்துக்கும் பயன்படுத்தாதீர்கள், அந்தப் படிவு மீனுக்குக் கடும் விஷம். பெர்மாங்கனேட்டோடு சேர்த்துப் போடவே கூடாது. மலாக்கைட் கிரீன் என்ற சாயத்தின் பக்கம் போகவே வேண்டாம். உணவு மீனில் பல நாடுகளில் தடை, அது மீனின் உடலில் மாறி உண்டாகும் நிறமற்ற லுயூக்கோ வடிவம் கொழுப்பில் நெடுநாள் தங்கும், ஏற்றுமதிப் பரிசோதனையில் மாட்டுவதும் அதுதான்.

மயில்துத்தம், அதாவது காப்பர் சல்ஃபேட், கிருமிநாசினி என்று விற்கப்பட்டாலும் அதன் உண்மையான இலக்கு ஒட்டுண்ணியும் பாசியும்தான். மொத்தக் காரத்தன்மையை நூறால் வகுத்தால் லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று வரும், 80 என்றால் 0.8. காரத்தன்மை 50-க்குக் கீழே இருந்தால் தொடவே வேண்டாம், மீனும் சேர்ந்து சாகும். காரத்தன்மையை அளக்கத் தெரியாதவர் மயில்துத்தத்தை வாங்கவே கூடாது என்பேன். இறாலும் நத்தையும் இருக்கிற குளத்தில் அதன் விளைவு இன்னும் கொடூரம், தாமிரமோ சேற்றில் தங்கிக்கொண்டே போகும், பெராக்சைடு மாதிரிக் காணாமல் போகாது.

பி.கே.சி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் பென்சால்கோனியம் குளோரைடு. வலை, பக்கெட், காலணி முக்கும் தொட்டி, இவற்றுக்கு நல்லது. குளத்து நீருக்கு அதை ஊற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. நேர்மின்சுமை கொண்ட சோப்பு மாதிரிப் பொருள், சேற்றிலும் கரிமப் பொருளிலும் போய் ஒட்டிக்கொள்ளும், கடின நீரில் வீரியம் குறையும், கொழுப்பு உறை இல்லாத வைரஸ்களிடம் பெரும்பாலும் தோற்கும். கொஞ்சங்கொஞ்சமாக, கொல்லாத அளவில், தொடர்ந்து போட்டுவந்தால் அதைத் தாங்கும் மரபணுக்கள் கொண்ட பாக்டீரியாவைத்தான் வளர்த்தெடுப்போம். அந்த மரபணுக்கள் ஆண்டிபயாட்டிக் எதிர்ப்பு மரபணுக்களோடு ஒரே துணுக்கில் பயணம் செய்வது வழக்கம். நோய் இருக்கிறதோ இல்லையோ மாதாமாதம் ஒரு டோஸ் என்று ஊற்றுகிற வழக்கம்தான் இதில் மோசமானது. அயோடின் கலந்த கிருமிநாசினியான அயோடோஃபோரும் குளத்துக்கு வேண்டாம், ஆனால் சால்மன் இன முட்டைகளைக் கழுவ 100 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 100 பங்கு), பத்து நிமிடம், பி.எச். 6-க்கும் 8-க்கும் நடுவில் என்பது உலக விலங்கு சுகாதார அமைப்பே சொல்லும் வழி. பி.எச். தாழ்ந்தால் முட்டைக்கு ஆபத்து என்பதால் மென்னீரில் பி.எச்.ஐ இறங்காமல் நிறுத்தும் பஃபர் சேர்க்க வேண்டும்.

மூன்றாவது சூழல், தண்ணீர் சுற்றிச் சுற்றி வரும் பண்ணை. இங்கே பயோஃபில்டர் இருக்கிறது, அதில் அம்மோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியா இருக்கிறது, ஊற்றுகிற எந்த மருந்தும் அதையும் தொடும். அந்தப் பாக்டீரியாவைக் கொன்றுவிட்டால் நோயால் சாகாத மீன் அம்மோனியாவால் சாகும். அதனால் இங்கே தண்ணீரில் கரைக்காத வழிகளுக்கு மதிப்பு கூடுகிறது.

யூவி விளக்கின் பெரிய பலம், அது தண்ணீரில் எதையும் விட்டுவைப்பதில்லை. 254 நானோமீட்டர் ஒளி, கிருமியின் மரபுப் பொருளைச் சிதைக்கிறது, அவ்வளவுதான். பலவீனமும் அதுவேதான்: விளக்கைக் கடந்துபோன நீரில் இருந்த கிருமிக்கு மட்டும் வேலை, மீனின் தோலில் ஒட்டியிருப்பதற்கும் தொட்டிச் சுவரின் வழவழப்புக்குள் இருப்பதற்கும் ஒன்றும் ஆகாது. சாதாரண மீன் நோய்ப் பாக்டீரியாவுக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 30 மில்லிஜூல் அளவில் போதும், ஆனால் சால்மனைத் தாக்கும் ஐ.பி.என். வைரஸுக்கு அதைப்போல எட்டு மடங்கு வரை வேண்டும். விற்பவர் வாட் கணக்கு சொல்வார். நீங்கள் கேட்க வேண்டியது என் தண்ணீரின் ஒளி ஊடுருவலில், என் நீரோட்ட வேகத்தில், விளக்கின் ஆயுள் முடிவில் எத்தனை மில்லிஜூல் கிடைக்கும் என்பதை. தொடர்ந்து எரிகிற விளக்குக்கு வருடத்தில் 8,760 மணி நேரம் ஆகிறது, ஏறக்குறைய அந்த வயதிலேயே பல விளக்குகளைக் கழற்றி மாற்ற வேண்டும். நீலமாக எரிகிறதே என்று விட்டுவிடாதீர்கள், கண்ணுக்குத் தெரிகிற நீலம் கிருமியைக் கொல்வதில்லை. குவார்ட்ஸ் உறையைத் துடைக்காத யூவி வெறும் கரண்ட் பில்.

ஓசோன் வேறு ஜாதி. கிருமி கொல்வதோடு தண்ணீரின் மஞ்சள் நிறத்தைப் போக்கும், நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும், கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களை ஒட்டவைத்துப் பிரிக்க உதவும். பண்ணையாளர்கள் பலர் ஓசோன் வைத்ததும் மீன் நன்றாகத் தின்கிறது என்பதற்குக் காரணம் கிருமி செத்ததைவிடத் தண்ணீர் தெளிந்ததுதான் என்பது என் அனுமானம். ஆபத்தும் அதற்கேற்ற அளவில். லிட்டருக்கு 0.01 மில்லிகிராம் மிச்சமே டிரவுட் மாதிரி மீன்களின் செவுளைத் தொட ஆரம்பித்துவிடும். அறைக் காற்றில் கசிந்தால் மனிதனுக்கும் கெடுதல், வேலையிடத்தில் 0.1 பி.பி.எம். என்பதே பொதுவான உச்சவரம்பு. கடல் நீரில் இன்னொரு சிக்கல்: அதில் லிட்டருக்கு 65 மில்லிகிராம் அளவில் புரோமைடு இருக்கிறது, ஓசோன் அதைத் தாக்கி ஹைப்போபுரோமஸ் அமிலமும் புரோமேட்டும் உண்டாக்கும். ஓசோன் போய்விட்டது என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கும்போது தண்ணீரில் புரோமின் நின்று கொல்லும். நன்னீர்ப் பண்ணைக்கு ஓசோனை யோசிக்கலாம், கடல் நீர்ப் பண்ணைக்கு, தண்ணீரின் ஆக்சிஜனேற்றத் திறனைக் காட்டும் ஓ.ஆர்.பி. மீட்டரும் தானாக நிறுத்தும் ஏற்பாடும் புரிந்த ஆளும் இல்லாமல் வேண்டாம்.

இரண்டையும் சேர்ப்பது நல்ல யோசனை, வரிசை முக்கியம். முதலில் கொஞ்சமாக ஓசோன், பிறகு யூவி. ஓசோன் தண்ணீரைத் தெளிய வைப்பதால் யூவி ஆழமாக ஊடுருவும், அதே 254 நானோமீட்டர் ஒளி மிச்ச ஓசோனையும் சிதைத்துவிடும். ஆனால் முன்பு சொன்ன காலியிடச் சிக்கல் இங்கேயும் உண்டு. ஓசோன் பெரிய கரிமப் பொருளை உடைத்துப் பாக்டீரியா சுலபமாகத் தின்னக்கூடிய துண்டுகளாக்குகிறது. அந்தத் துண்டுகளைப் பயோஃபில்டர் தின்று தீர்க்கட்டும் என்று ஓசோனை அதற்கு முன்னால் வைப்பது நல்லது. மீன் தொட்டிக்குள் நுழைவதற்குச் சற்று முன் முழு வீரியத்தில் கிருமி நீக்கினால் தொட்டிக்குள்ளேயே வேகக்காரர்களுக்கு விருந்து வைத்த மாதிரி. கடல்மீன் குஞ்சுகளிடம் இது அதிகம் தெரியும், அவற்றுக்கு எதிர்ப்புச் சக்தி இன்னும் உருவாகியே இருக்காது.

புதுப் பொருள்களைப் பற்றி நிறையக் கேள்வி வருகிறது. வெள்ளி நானோத் துகள், வெள்ளி ஏற்றிய ஸியோலைட் (நுண்துளைக் கனிமம்), டைட்டானியம் டைஆக்சைடு பூச்சு, கைட்டோசான் (இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுப்பது), தாமிரக் கலவை வலை. ஆய்வகக் குடுவையில் எல்லாமே அழகாகக் கொல்லும். வெள்ளி அயனி கிருமியைக் கொல்வது உண்மை, நன்னீர் மீனின் செவுளில் சோடியத்தை உள்ளே இழுக்கும் பம்பை அதே அயனி அடைப்பதும் உண்மை. கடல் நீரில் குளோரைடோடு சேர்ந்து அதன் வீரியம் போய்விடும். பயோஃபில்டரில் அம்மோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியா வெள்ளிக்கு எளிதில் பலியாகும். மீன் இருக்கும் நீரில் வெள்ளியை நான் எடுக்கமாட்டேன், முட்டைப் பொரிப்புத் தட்டில் பூச்சாக இருந்தால் யோசிக்கலாம். டைட்டானியம் டைஆக்சைடுக்குச் சுமார் 388 நானோமீட்டருக்குக் கீழான ஒளி வேண்டும், கலங்கிய நீரில் அது எங்கே போய்ச் சேரும்? பூச்சின் மேல் ரெண்டு வாரத்தில் பாசிப் படலம் பிடித்துவிட்டால் அதோடு சரி. கைட்டோசான் அமில நீரில்தான் கரையும், நேர்மின்சுமையும் அங்கேதான்; மீன் வாழும் பி.எச்.ல் கிருமி கொல்வதைவிடக் கலங்கலைத் திரட்டிப் படியவைப்பதில்தான் அது கெட்டிக்காரன், அந்த வேலைக்கு வாங்கினால் தவறில்லை. வெறும் ஸியோலைட் கிருமியே கொல்லாது, நன்னீரில் அம்மோனியாவைக் கொஞ்சம் பிடித்துவைக்கும், உப்பு நீரில் அதையும் விட்டுவிடும். தாமிரக் கலவை வலை கடல் கூண்டில் பாசியும் சிப்பியும் ஒட்டாமல் தடுக்கும், நீரோட்டம் நன்றாகப் போகும். தண்ணீருக்கு அது கிருமிநாசினி இல்லை.

கடைசியாக, எதைத் தேர்ந்தெடுத்தாலும் முதல் தடவை முழுக் குளத்தில் போடாதீர்கள். அதே குளத்து நீரை ஒரு பெரிய தொட்டியில் எடுத்து, அதே குளத்து மீன் பத்தைப் போட்டு, காற்றடித்து, கணக்குப் போட்ட அளவைக் கரைத்து ஒரு நாள் பாருங்கள். மீன் மேலே வந்து வாய் பிளக்கிறதா, செவுள் மூடி வேகமாக அடிக்கிறதா, சளி உரிகிறதா என்று கவனியுங்கள். தண்ணீரின் கடினத்தன்மை, வெப்பம், அழுக்கு எல்லாமே இடத்துக்கு இடம் மாறுவதால் லேபிளில் இருக்கிற எண்ணைவிட அந்தப் பத்து மீன் சொல்வது நம்பகமானது. விற்பனைக்குத் தயாராக இருக்கும் மீன் என்றால் உங்கள் நாட்டில் அந்தப் பொருளுக்கு உணவு மீனில் அனுமதி உண்டா, போட்ட பிறகு எத்தனை நாள் கழித்துப் பிடிக்கலாம் என்று முதலிலேயே பார்த்துவிட்டுப் பாட்டிலைத் திறவுங்கள்.